சோளக்குருத்தும் சயனைடும்: மாட்டை எப்போது விடக்கூடாது

பசுஞ்சோளத்தின் இலைக்குள் சயனைடு தயாராக நிரம்பியிருப்பதில்லை. இலை நசுங்கும்போதுதான் அது உண்டாகிறது.

இலையின் மேல்தோல் செல்களில் துரின் என்ற பொருள் இருக்கிறது. டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செடி இதைத் தயாரித்து, ஒரு சர்க்கரை மூலக்கூறோடு பிணைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறது. துரினை உடைக்கும் நொதியோ அடுத்த அடுக்குச் செல்களில், பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. புழு கடித்து இரண்டும் கலந்ததும் சர்க்கரை கழன்றுவிடும். மீதி உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளியேறும். ஊசி போன்ற வாயால் சாறு உறிஞ்சும் அசுவினி செல்களை அதிகம் நசுக்குவதில்லை, அதனால் அதனிடம் இந்த உத்தி அவ்வளவாகப் பலிப்பதில்லை. மக்காச்சோளமும் இதே போல இரண்டையும் பிரித்தே வைக்கிறது. ஆனால் அதன் ஆயுதம் சயனைடு அல்ல, டிம்போவா என்ற வேறொரு சேர்மம்.

துரினை 1902இல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிந்தார்கள். சோளத்துக்கு அரபியில் வழங்கும் 'துர்ரா' என்ற சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

முளைத்துச் சில நாளே ஆன நாற்றின் குருத்து நுனியில், உலர் எடையில் 30 சதவீதம் வரை துரின் இருக்கலாம். பயிர் முதிர முதிர அது குறையும். ஆகவே முழங்கால் உயரப் பயிர், அறுத்தபின் தழைக்கும் மறுதாம்பு, வறட்சியில் வாடி மழைக்குப் பின் விடும் புதுத்தளிர், இந்த மூன்றிலும் மாட்டை விடவே கூடாது. யூரியா தாராளமாக இட்ட வயலில் ஆபத்து இன்னும் கூடும். தீவனச்சோளத்தைப் பூக்கும் தருணத்தில் அறுப்பது நல்லது. நன்றாகக் காயவைத்தால் பெருமளவு வாயு போய்விடும். பாதி வாடிய தட்டையை நம்பக்கூடாது. பசியோடு இருக்கும் மாட்டுக்கு முதலில் வைக்கோல் கொடுத்துவிட வேண்டும்.

அசைபோடும் விலங்குகளுக்கு ஆபத்து அதிகம், ஏனென்றால் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகளும் துரினை உடைக்கின்றன. சயனைடு ஏறினால் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகும். மூச்சிரைப்பு, தள்ளாட்டம், வலிப்பு என்று சில நிமிடங்களிலேயே முற்றிவிடும், ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். கால்நடை மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பில் ஏற்றுவார். தாமதித்தால் பயனில்லை.

சந்தேகமான தீவனத்தை ஆய்வகத்தில் பிக்ரேட் தாளால் சோதிக்கலாம். 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் சோடியம் கார்பனேட்டும் 0.5 கிராம் பிக்ரிக் அமிலமும் கரைத்து, வடிதாளை நனைத்துக்கொள்ள வேண்டும். பொடியாக நறுக்கிய இலையைச் சிறு குப்பியில் போட்டு, சில துளி குளோரோஃபார்ம் விட்டு, ஈரத்தாளை இலையில் படாமல் தொங்கவிட்டு மூட வேண்டும். மஞ்சள் தாள் சில நிமிடங்களிலேயே செங்கல் நிறமானால் தீவனத்தை மாட்டிடம் கொண்டுபோகாதீர்கள். பல மணி நேரம் கழித்து லேசாக மாறினால் அளவு குறைவு என்று பொருள். காய்ந்த பிக்ரிக் அமிலம் வெடிக்கும் தன்மையுள்ளது. ஆகவே இதை வீட்டில் செய்யாமல் கால்நடை நோய் ஆய்வகத்தில் கொடுத்துச் செய்யுங்கள்.