1330 குறளும் ஒரு புள்ளியும்

தினமும் ஒரு குறள் காட்டுகிற சின்ன நிரல் ஒன்றை மகளுக்காகப் பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுத ஆரம்பித்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு உரைக்கோப்பு. "குறள் 1" என்று ஒரு வரி, அடுத்த இரண்டு வரிகளில் குறள், அதன்கீழே "பொருள்:" என்று தொடங்கி இரண்டு மூன்று வரி விளக்கம். இப்படியே 1330 வரை. அரை மணி நேர வேலை என்று நினைத்தேன். இரண்டு ராத்திரி போயிற்று.

"குறள்" தொடங்கி "பொருள்:" வரை இருப்பதை எடு என்று, நடுவில் .* போட்டு ரெகெக்ஸ் (உரையில் தேட வேண்டியதன் வடிவத்தைச் சொல்லும் குறியீடு) எழுதினேன். பொருந்துவதையெல்லாம் எடுத்துத் தரும் ஃபைண்ட்ஆல் தந்தது வெற்றுப் பட்டியல். ரெகெக்ஸில் புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், வரிமுறிவுக்கு மட்டும் பொருந்தாது. டாட்ஆல் என்ற கொடியை, அதாவது தேடும் விதத்தை மாற்றும் விருப்பத்தை, கொடுத்தால் அதற்கும் பொருந்தும். கொடுத்தேன். பூஜ்யம் ஒன்றாயிற்று! முதல் குறளில் தொடங்கிக் கடைசிப் "பொருள்:" வரை மொத்தக் கோப்பும் ஒரே துண்டு. "எத்தனை எழுத்தானாலும்" என்று சொல்லும் நட்சத்திரக் குறிக்கு அவ்வளவு பேராசை. .*? என்று பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டால்தான் கிடைத்த முதல் இடத்தில் நிற்கும்.

அப்புறம் விளக்கம். அது எங்கே முடிகிறது? அடுத்த "குறள்" வரி வருமிடத்தில். ஆனால் அந்த வரியையும் சேர்த்து எடுத்துவிட்டால் அடுத்த குறள் தொலைந்துவிடும். அதற்குத்தான் (?=) இருக்கிறது: எதிரே இருப்பதை எட்டிப் பார்க்கும், தொடாது. விளக்கத்துக்கு நடுவிலும் "குறள்" என்ற சொல் வரலாம் என்பதால், வரித் தொடக்கத்தில் மட்டும் தேட ^ போட்டு, அது ஒவ்வொரு வரிக்கும் செல்லும்படி மல்டிலைன் கொடியையும் சேர்த்தேன். ஓடவிட்டால் 1329.

கடைசிக் குறளுக்குப் பின்னால் வேறு குறள் இல்லையே! சரி, "அல்லது கோப்பின் முடிவு" என்பதற்காக | போட்டு $ சேர்த்தேன். 1330 வந்துவிட்டது. டீ குடித்துவிட்டு வந்து சும்மா நாலைந்தைப் படித்துப் பார்த்தேன். எல்லா விளக்கமும் முதல் வரியோடு அறுந்து கிடந்தது. மல்டிலைன் கொடி இருந்தால் $ ஒவ்வொரு வரியின் முடிவிலும் பொருந்தும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், அந்த நேரத்தில் தோன்றவில்லை. கோப்பின் கடைசியை மட்டும் குறிக்கப் பின்சாய்கோட்டோடு பெரிய இசட் எழுத்து போட வேண்டும். எண்ணிக்கை சரியாக வந்த அந்தப் பிழையைத்தான் கிட்டத்தட்ட விட்டிருப்பேன்.

அதனால் ஒரு சோதனை வைத்தேன்: கோப்பில் சீர் பிரித்து இருந்ததால் குறளுக்கு ஏழு சொல் வர வேண்டும். சொல்லின் எழுத்துகளைப் பிடிக்கும் பின்சாய்கோடு டபிள்யூ போட்டு எண்ணினால் பதினைந்து, இருபது என்று வந்தது. பைத்தானில் ரெகெக்ஸைக் கவனிக்கும் ரீ தொகுதிக்கு உயிர்மெய்க் குறிகளும் மெய்யின் புள்ளியும் சொல்லைச் சேர்ந்தவை அல்ல. "கோயில்" என்று கொடுத்தால் க, ய, ல என்று மூன்று துண்டாக்கித் தரும். தமிழுக்கு அதை நம்பாமல் வெற்றிடத்தில் பிரிக்கும் ஸ்ப்ளிட்டுக்குப் போனேன். ஏழு வந்தது.

ஏழு வராத குறள்கள் பதினொன்று. எல்லாம் தட்டச்சில் இடைவெளி விட மறந்து சீர்கள் ஒட்டிக்கொண்டவை. அவற்றைக் கையாலேயே திருத்தினேன். அதற்கும் ஒரு ரெகெக்ஸ் யோசிக்கப் பொறுமை இல்லை.