பழைய ஃபோனை ஏற்றி உயரம் பார்த்த கதை

ரிமோட் விமானம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்க்க அதில் ஏற்றும் ஃபோன் பாரம் குறைவாக இருக்க வேண்டும், உள்ளே காற்றழுத்த உணரி இருக்க வேண்டும். விலை குறைந்த மொடல்களில் அந்த உணரி பெரும்பாலும் இருக்காது. கொழும்பு புறக்கோட்டையில் பாவித்த ஃபோன் விற்கும் கடைகளில் தேடி ஒரு சாம்சுங் கலக்ஸி எஸ்5 எடுத்தேன். 145 கிராம். கண்ணாடி வெடித்திருந்ததால் விலையும் இறங்கியது. விமானத்துக்குள் யார் திரையைப் பார்க்கப் போகிறார்கள்?

"ஜி.பி.எஸ். இருக்கேக்க அழுத்தம் எதுக்கு மச்சான்?" என்றான் நண்பன். ஜி.பி.எஸ். இடத்தை நன்றாகச் சொல்லும், உயரத்தில்தான் தடுமாறும். அழுத்தமோ, கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலே ஏறக்குறைய 8 மீட்டர் ஏறிவிட்டதாகக் கணக்கு. பதிவுக்கு ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலி. எத்தனை செக்கன் கழித்துப் பதிவு தொடங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதற்குள் மூடியை ஒட்டிவிடலாம்.

பறக்கும்போதே தரையிலிருந்து அளவுகளைப் பார்க்க ஆசை வரும். நான் அதை விட்டுவிட்டேன். அதற்கு வைஃபை வேண்டும். ரிமோட்டும் வைஃபையும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கதைப்பவை, ஒன்றையொன்று குழப்பலாம். ஜி.பி.எஸ். இடத்தைப் பிடித்ததும் ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டேன், பெயருக்கேற்ற வேலை! ஃபோனை இறக்கைக்குக் கீழே, சமநிலைப் புள்ளியிலேயே வைத்தேன்.

இரத்மலானை விமான நிலையம் கிட்ட இருப்பதால் வெள்ளவத்தையில் பறக்கவிடுவதை நினைக்கவே கூடாது. அனுமதி அலைச்சலை நண்பன் பார்த்துக்கொண்டான். ஹோமாகம பக்கம் அறுவடை முடிந்த வயல் கிடைத்தது.

பறந்து முடிந்ததும் பார்த்த உயரக் கோட்டு வரைபடத்தில் ஒரு வேடிக்கை. விமானம் ஒரே உயரத்தில் வேகமாகப் போன இடத்திலெல்லாம் அது கீழே இறங்கியதாகக் கோடு சொன்னது. மோட்டார் சூடாகாமல் இருக்க மூக்கில் விட்டிருந்த ஓட்டைதான் காரணம். அதன் வழியே காற்று உள்ளே அடித்து அழுத்தத்தைக் கூட்டுகிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அது முழுவதுமாக உணரியில் ஏறினால் 20 மீட்டர் பிழை வரும். ஃபோன் இருக்கும் அறையை ஸ்பொஞ்சால் மறித்து, பக்கச் சுவரில் சின்னத் துளை போட்டேன். கோடு ஒழுங்குக்கு வந்தது.

வேகத்துக்கு மட்டும் ஃபோனை நம்ப முடியாது. ஜி.பி.எஸ். தருவது தரைவேகம், சுற்றியுள்ள காற்றோடு ஒப்பிட்ட வேகம் அல்ல. அதற்கு ஒரே நேர்கோட்டில் காற்றோடு ஒருமுறை, எதிரே ஒருமுறை ஓட்டுங்கள். 60-உம் 36-உம் காட்டினால் விமானத்தின் வேகம் 48, அன்றைய காற்று 12.