இன்சுலின் 0 என்றால் அளக்கவில்லை என்று பொருள்

நீரிழிவு இருக்கிறதா என்று கணிக்கும் மாடல்களைப் பழக்கப் பயன்படும் பிமா நீரிழிவுத் தரவைத் திறந்து, விடுபட்ட மதிப்புகள் எத்தனை என்று பைத்தானின் அட்டவணைக் கருவியான பாண்டாஸிடம் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லும். அதை நம்பக்கூடாது. அரிசோனாவில் பீனிக்ஸ் அருகே வாழ்ந்த, குறைந்தது 21 வயது நிரம்பிய 768 பிமா பழங்குடிப் பெண்களின் அளவீடுகள் இவை. உயிரோடிருக்கும் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 0 ஆக இருக்க வழியில்லை. இங்கே 35 பேருக்கு அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. குளுக்கோஸில் 5, பிஎம்ஐயில் (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 11, தோல் மடிப்புத் தடிமனில் 227, இன்சுலினில் 374 பூஜ்யங்கள்.

இந்த ஐந்து பத்திகளில் (நெடுவரிசைகளில்) மட்டும் 0-வை நேன் (NaN, மதிப்பு இல்லை என்ற குறி) ஆக்குங்கள். கர்ப்ப எண்ணிக்கையில் வரும் 0 உண்மையான பூஜ்யம். மொத்த அட்டவணைக்கும் ஒரே கட்டளை கொடுத்தால் அதுவும் போய்விடும், 0 என்றே குறிக்கப்பட்ட, நோயில்லாத 500 பேரின் விடையும் போய்விடும்.

குறையுள்ள வரிசைகளை நீக்கினால் மிஞ்சுவது 392. கிட்டத்தட்ட பாதித் தரவு காலி. நாளை இன்சுலின் அளக்காத ஒருவர் வந்தால் மிஞ்சியதில் மட்டும் பழகிய மாடலால் பதில் சொல்லவும் முடியாது.

இதைவிட மோசமான ஒரு வழி பல நோட்புக்குகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது: நோயுள்ளவர், இல்லாதவர் என்று பிரித்து, அந்தந்தக் குழுவின் மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பை) இட்டு நிரப்புவது. அப்படிச் செய்தால் நோயில்லாத 236 பேருக்கு இன்சுலின் 102.5, நோயுள்ள 138 பேருக்கு 169.5. கேள்வி கேள்வியாகப் பிரித்து முடிவு சொல்லும் டெசிஷன் ட்ரீ மாடல் இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டால் போதும், 374 பேரின் விடை கையில் வந்துவிடும். துல்லியம் ஏறுவது அதனால்தான். புது நோயாளிக்கு நோய் இருக்கிறதா என்பதே கேள்வியாக இருக்கும்போது, எந்த மீடியனை இடுவது? தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

முதலில் தரவை ட்ரெயின் (பழக்க), டெஸ்ட் (சோதிக்க) என்று பிரித்துவிட்டு, ட்ரெயின் பகுதியில் மட்டும் மீடியனைக் கணக்கிடுங்கள். விடுபட்டதை நிரப்பும் சைக்கிட்-லேர்ன் கருவியான சிம்பிள்இம்ப்யூட்டரைப் பைப்லைனுக்குள் (படிகளை வரிசையாக இணைக்கும் அமைப்பு) வைத்தால், தரவை மாற்றி மாற்றிப் பிரித்துச் சோதிக்கும் கிராஸ் வேலிடேஷனின் ஒவ்வொரு சுற்றிலும் இது தானாக நடக்கும். குளுக்கோஸுக்கும் பிஎம்ஐக்கும் மீடியனே போதும். இன்சுலினில் பாதிப்பேருக்கு ஒரே எண் விழுவதால் குளுக்கோஸுடன் அதற்குள்ள உறவு மழுங்கிவிடும். அங்கே இம்ப்யூட்டரின் ஆட்_இண்டிகேட்டர் (add_indicator) அமைப்பை ட்ரூ ஆக்கி, அளந்தார்களா இல்லையா என்பதையும் ஒரு பத்தியாகக் கொடுங்கள். இன்சுலினையே விட்டுவிட்டும் ஒருமுறை ஓட்டி ஒப்பிடுங்கள்.

ஒத்த நோயாளிகளைத் தூரம் பார்த்துத் தேடி நிரப்பும் கேஎன்என்இம்ப்யூட்டர் என்றால், அதற்கு முன் பத்திகளை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்டாண்டர்ட்ஸ்கேலர் வேண்டும். நேன் இருந்தாலும் ஸ்கேலர் வேலை செய்யும். ஸ்கேல் செய்யாவிட்டால் நூற்றுக்கணக்கில் போகும் இன்சுலினே தூரத்தைத் தீர்மானித்துவிடும். பல மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் எக்ஸ்ஜிபூஸ்ட் மாடல் நேனைத் தானே சமாளிக்கும், ஆனால் 0-வை நீங்கள் மாற்றிக் கொடுத்திருந்தால் மட்டுமே.