புள்ளடிக் காலத்தில் யாழ்ப்பாணம்

பாளையங்கோட்டைக்காரன் ஒருவன் திருநெல்வேலிக்குப் போக பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறது. பல்கலைக்கழகம், சந்தை, ஹாரன் அடித்தபடியே போகும் தனியார் பஸ்கள் என்று நெரிசலான இடம். ஊர்க்காரர்கள் வாயில் அது 'தின்னவேலி'. சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனின் வீடு அங்கேதான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. "நீ போ, அம்மா பாத்துக்கொள்ளுவா" என்று அனுப்பிவிட்டான்.

2024 நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் விமான நிலையம் இருக்கும் பலாலிக்குப் போகும் சின்ன விமானம், ஜன்னலில் கடலைப் பார்த்து முடிப்பதற்குள் இறங்கிவிடுகிறது. அடுத்த வியாழக்கிழமை அங்கே பாராளுமன்றத் தேர்தல் என்பது டிக்கெட் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அதனால் என்ன, நம் ஊர்த் தேர்தல் பார்க்காத கண்ணா?

ஆட்டோவில் ஏறியதும் முதல் கேள்வியே தப்பாகப் போனது. "யாருண்ணே ஜெயிப்பாங்க?" என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "தம்பி இந்தியாவோ?" ஆமாம் என்றேன். "சாப்பிட்டீங்களோ?" அதோடு அரசியல் முடிந்தது. வீடு வரும்வரை மழையைப் பற்றித்தான் பேசினோம்.

வீட்டில் அன்று பாறணை. கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து, முந்தின நாள் சூரன்போர் பார்த்துவிட்டு, அன்று காலையில்தான் எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். எனக்கென்று ஒரு பங்கை மூடி வைத்திருந்தார் நண்பனின் அம்மா. ஓய்வு பெற்ற ஆசிரியை; தெருவில் எல்லோருக்கும் அவர் 'ரீச்சர்'. மூலையில் சாய்மனைக் கதிரையில் தூங்கி விழுந்த அம்மம்மாவை, "பாறணை அண்டு பகலில நித்திரை கொள்ளக் கூடாதணை" என்று அவர் எழுப்பிக்கொண்டே இருந்தார். அம்மம்மா கண் திறந்து, "ஆர், வோட்டுக் கேக்க வந்தவையோ?" என்றார். என்னைத்தான்.

ஊரைச் சுற்றிப் பார்த்தால் தேர்தல் நடக்கிற ஊர் மாதிரியே இல்லை. கட்அவுட் கிடையாது, சுவர் விளம்பரம் கிடையாது. அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எப்போதாவது ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று போகும். மற்றபடி எல்லாம் துண்டுப்பிரசுரம்தான். நாலைந்து பேர் சைக்கிளிலோ நடந்தோ வந்து, படலையில் நின்று, "அம்மா, வீட்டில ஆக்கள் இருக்கினமோ?" என்று கூப்பிட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். இரண்டு நாளில் ரீச்சர் வீட்டு மேசையில் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது. ஆறு இடத்துக்கு 44 பட்டியல்கள். 23 கட்சிகள், 21 சுயேச்சைக் குழுக்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது பேர் என்றால் 396 வேட்பாளர்கள். கிளிநொச்சியும் சேர்ந்த ஒரு மாவட்டத்துக்கு இது.

வீட்டுக்குள் அரசியல் மாலைத் தேநீர் நேரத்தில்தான் வரும், அதுவும் ரீச்சருக்கும் அவருடைய சின்ன மகனுக்கும் நடுவில். பட்டதாரி, நிரந்தர வேலை இன்னும் கிடைக்கவில்லை. அவன் திசைகாட்டி பற்றி, அதாவது அந்தச் சின்னத்தில் நிற்கும் ஜனாதிபதி அநுரவின் தேசிய மக்கள் சக்தி பற்றிப் பேச ஆரம்பித்தால் ரீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

"பலாலி ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கோ அண்ணா. முப்பத்திநாலு வருசம் ஆமி பூட்டி வைச்சிருந்த ரோட்டு. ஒண்டாம் தேதிதான் திறந்துவிட்டவை. எங்கட ஆக்கள் இத்தினை வருசம் பாராளுமன்றத்தில இருந்து என்னத்தைத் திறந்தவை?"

"தேர்தலுக்கு ரெண்டு கிழமைக்கு முந்தித் திறந்தால் அதுக்குப் பேர் என்ன தம்பி? வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி வழக்குப் போட்டது ஆர்? 2006இல தீர்ப்பு வந்தபோது நீ எத்தினையாம் வகுப்பு?"

அது உண்மைதான். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி ஒன்றாக்கப்பட்ட இரண்டு மாகாணங்களையும் பிரித்த அந்தத் தீர்ப்பு, தெற்கின் இடதுசாரிக் கட்சியான ஜேவிபி தரப்புப் போட்ட வழக்கில்தான் வந்தது. தேசிய மக்கள் சக்தியின் முதுகெலும்பே ஜேவிபி. தம்பியும் அதை மறுக்கவில்லை. "அப்ப எனக்கு விளையாட்டு வயசு. இப்ப வேலை இல்லாத வயசு" என்றான்.

சரி, ரீச்சர் தமிழ்க் கட்சிகளுக்காக வாதாடுகிறார் என்று நினைத்தால் அதுவும் இல்லை. அவர்கள் மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம். முன்பு தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் ஒன்றாக நின்றவர்களில் ஒரு பகுதி இப்போது சங்கில் நிற்கிறது, இன்னொரு பகுதி மாம்பழத்தில். தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள் அதற்கும் வெகு முன்பே தனி வழி போய்விட்டது. "ஒரு வீட்டை இடிச்சு நாலு கொட்டில் போட்டிருக்கினம். மழைக்கு எதுக்குள்ள ஒதுங்கிறது?" என்றார். வெளியே அப்போது நிஜமாகவே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பருத்தித்துறை போனேன். பருத்தித்துறை வடை என்று அவர்கள் சொல்வது நம் ஊர்த் தட்டை; ஆனால் உறைப்பு இரண்டு மடங்கு. ஒரு பை வாங்கிக் கொறித்துக்கொண்டே கடற்கரையில் வலை பொத்துகிறவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தேன். அங்கே நான் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் பேச்சைக் கேட்டதுமே பெரியவர் ஒருவர், "உங்கட ஆக்கள் வாற நாள் எங்களுக்கு நல்லாத் தெரியும். திங்கள், புதன், சனி" என்றார். றோலர் என்று அவர்கள் சொல்லும் நம்மூர் இழுவைப் படகுகள். அந்த இரவுகளில் வலை போட்டால் காலையில் வலை இருக்காது, அதனால் கடலுக்குப் போவதில்லை என்றார். அவர் கையில் இருந்த வலையில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நைலான் இழையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டபடியே பேசினார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. 2017இலேயே இலங்கையில் இழுவைமடித் தொழிலைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். கடலில் அந்தச் சட்டத்தை யார் யாருக்குப் படித்துக் காட்டுவது?

"நீங்கள் யாருக்குப் போடப் போறீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல்.

"எங்கட தேர்தல் கிடக்கட்டும். உங்கட தமிழ்நாட்டில எப்ப தேர்தல்?"

2026 என்றேன். "அப்ப அங்கதான் தம்பி எங்கட பிரச்சினையைக் கதைக்க வேணும்" என்றார். கையில் இருந்த வடையை அதற்கு மேல் கடிக்க முடியவில்லை.

திங்களன்று யாழ்ப்பாணப் பொது நூலகம். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 1981இல் எரிந்தது எல்லோருக்கும் தெரியும். சுமார் 97,000 நூல்கள் போயின. அது ஒரு தேர்தல் வாரம் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் மனதில் தட்டியது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4. நூலகத்துக்குத் தீ வைத்தது மே 31 இரவு. இந்த ஊரில் யாருக்கு ஓட்டு என்று அந்நியன் கேட்டால் "சாப்பிட்டீங்களோ" என்று பதில் வருவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

வாக்களிக்காமல் இருப்பதிலும் யாழ்ப்பாணத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்த முதல் தேர்தலையே யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் புறக்கணிக்க வைத்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் புலிகளின் பகிஷ்கரிப்பால் மாவட்டத்தில் விழுந்த வாக்கு 1.2 சதவீதம். அம்மம்மா அன்று குசினியை விட்டே வெளியே வரவில்லையாம்.

ஆனால் 1977ஐக் கேட்டால் அவர் முகம் மலர்ந்துவிடுகிறது. "உதயசூரியனுக்குத்தான் போட்டனான்" என்றார். ஒரு நிமிடம் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் புரிந்தது, தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் அதே சின்னம். 18 இடங்கள் எடுத்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரான தேர்தல் அது.

புதன் இரவு அம்மம்மாவுக்கு ஒத்திகை. அங்கே மின்னணு இயந்திரம் கிடையாது, காகிதச் சீட்டுதான். கட்சிக்கு எதிரே 'X' போட வேண்டும். அதற்குப் பெயர் புள்ளடி. புள் என்றால் பறவை. பறவை மிதித்துவிட்டுப் போனது மாதிரி ஒரு குறி. நாம் பட்டனை அழுத்துகிறோம், பீப் என்கிறது. அவர்கள் பறவையின் காலடியை வரைகிறார்கள். கட்சிக்குப் போட்ட பிறகு கீழே இருக்கும் எண்களில் அதே கட்சியின் மூன்று பேர் வரை விருப்பு வாக்குப் போடலாம். இடம் மாறினால் வாக்கு செல்லாமல் போகலாம். தம்பி பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, கட்டங்களுக்கு எண் போட்டுக் கொடுத்தான். அம்மம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கவனத்தோடு புள்ளடி போட்டார். கை நடுங்கி ஒரு கோடு பக்கத்துக் கட்டத்துக்குள் போனது. "உது செல்லாது அம்மம்மா." மறுபடி போட்டார். கட்சிச் சின்னம் வரைந்த இடத்தில் மட்டும் தம்பி எட்டிப் பார்த்தபோது உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"ஆருக்கணை?" என்று ரீச்சர் குசினிக்குள் இருந்து கேட்டார்.

"உனக்கேன்?"

வியாழன் காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு அம்மம்மாவை ஆட்டோவில் கூட்டிப் போனார்கள். நான் வாசலோடு நின்றேன். வரிசையில் சத்தமே இல்லை, ஏதோ கோயிலில் அருச்சனைக்கு நிற்கிற மாதிரி. விரலில் மையோடு திரும்பி வந்து, வழக்கம்போல் இடியப்பமும் சொதியும். மாலை நாலு மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. இரவெல்லாம் தம்பியின் போன் மினுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் பூரணை விடுமுறை. மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்று திசைகாட்டிக்கு: 80,830 வாக்குகள். தெற்கிலிருந்து வந்த ஒரு கட்சி யாழ்ப்பாணத்தில் முதலிடம் எடுப்பது இதுதான் முதல் தடவை. இத்தனைக்கும் செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் இதே மாவட்டத்தில் அநுர குமார திசாநாயக்கவுக்கு விழுந்தது சுமார் 27,000தான். வீட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, மருத்துவர் அர்ச்சுனாவின் சுயேச்சைக் குழுவுக்கு ஒன்று. 1994 முதல் பாராளுமன்றத்தில் இருந்த, வீணைச் சின்னத்தில் நிற்கும் ஈபிடிபி தலைவர் டக்ளஸ் தேவானந்தா வெளியே. வீட்டின் பேச்சாளராக உலகமெல்லாம் தெரிந்த சுமந்திரனும் வெளியே.

தம்பி துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தேங்காய் துருவப் போய்விட்டான். ரீச்சர் பேப்பரை மடித்து வைத்தார். "பொடியள் எங்களுக்குக் கோவத்தில போட்டிருக்கிறாங்கள். அவங்களில விருப்பத்தில இல்லை" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்தது என்று படுகிறது. ஒரு வார விருந்தாளிக்கு அதைச் சொல்ல உரிமை இல்லையே, பேசாமல் தேநீரைக் குடித்தேன். அம்மம்மா முடிவு எதையும் விசாரிக்கவே இல்லை.

சனிக்கிழமை திரும்பும்போது அதே ஆட்டோ அண்ணைதான் வந்தார். நேரம் இருந்ததால் அந்தப் புது ரோட்டைக் காட்டச் சொன்னேன். இரண்டு பக்கமும் வேலி. வேலிக்கு அப்பால் பற்றை மண்டிய நிலம், நடுவில் கூரை போன சுவர்கள்.

"நல்லதுதானே அண்ணை, திறந்துட்டாங்களே" என்றேன்.

"ஓம் தம்பி, நல்லது." வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை. இடது பக்கம் வேலிக்குள் தெரிந்த ஒரு கிணற்றுக்கட்டைத் தலையால் காட்டினார். "உது என்ரை மாமியின்ரை காணி. ரோட்டால போகலாம். உள்ளுக்கை போகேலாது."