பிஎல்எஸ் ரினியூவல்: போனில் படிக்கலாம், ஆனால் பொம்மையில் அழுத்தாமல் கார்டு வாங்காதீர்கள்

பிஎல்எஸ் கார்டு முடியப்போகுது அக்கா, ஆன்லைனில் எங்கே சீக்கிரம் கிடைக்கும்? மாதம் தவறாமல் யாராவது ஒருவர் எனக்கு இந்தக் கேள்வியை அனுப்பிவிடுகிறார். பிஎல்எஸ் என்றால் இதயம் நின்றுபோனவரைக் காப்பாற்றும் அடிப்படைப் பயிற்சி, அதில் தேறியதற்கான சான்றுதான் கார்டு. பெரும்பாலும் ஐசியூவிலும் கேஷுவாலிட்டியிலும் டயாலிசிஸிலும் வேலை பார்க்கும் தம்பி தங்கைகள்தான். சிலருக்கு வளைகுடா வேலைக்கு இன்டர்வியூ இருக்கும், சிலருக்கு மருத்துவமனைகளின் தரத்தைப் பார்த்துச் சான்று தரும் என்ஏபிஹெச் அமைப்பின் ஆய்வு வரப்போகிறது என்று ஹெச்ஆர் பெயர்ப்பட்டியல் ஒட்டியிருப்பார்கள். ஆளுக்கொரு வாய்ஸ் நோட் போட்டுக்கொண்டிருப்பதைவிட, தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த விளம்பரங்கள். 'முழுக்க ஆன்லைன், ஒரே மணி நேரம், பாஸ் ஆகும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம், பிடிஎஃப் உடனே மெயிலுக்கு வரும்' என்று வருகிறதே, அதற்குப் பணம் கட்டாதீர்கள். அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன், அதாவது நாம் ஏஹெச்ஏ என்று சொல்வது, முழுக்க ஆன்லைனில் முடித்தவர்களுக்கு பிஎல்எஸ் கார்டோ அதற்கு அடுத்த நிலையான ஏசிஎல்எஸ் கார்டோ தருவதே இல்லை. அவர்களுடைய ஆன்லைன் வழிக்கு ஹார்ட்கோட் என்று பெயர். அதில் பாடப் பகுதியைக் கணினியிலோ போனிலோ முடிக்கலாம். முடித்ததும் ஒரு சான்று வரும், ஆனால் அது கார்டு இல்லை. அதை எடுத்துக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போய், இன்ஸ்ட்ரக்டர் முன்னாலோ அதற்கென்றே இருக்கிற கருவிப் பொம்மையிலோ மார்பை அழுத்திக் காட்ட வேண்டும், காற்று கொடுத்துக் காட்ட வேண்டும். இப்படி அழுத்திக் காற்று கொடுப்பதைத்தான் சிபிஆர் என்கிறோம். பிஎல்எஸ்ஸுக்குப் பெரியவர்களுக்கான சிபிஆர், கைக்குழந்தைக்கான சிபிஆர் இரண்டிலும் தேறினால்தான் இ-கார்டு, அதாவது மெயிலில் வரும் கார்டு. இரண்டு வருடம் செல்லும், அதில் போட்டிருக்கும் மாதத்தின் கடைசி நாள்வரை.

விளம்பரங்களில் ஒரு வரியைக் கவனித்துப் படியுங்கள். 'ஏஹெச்ஏ வழிகாட்டுதல்களின்படி தயாரிக்கப்பட்டது' என்று இருக்கும். வழிகாட்டுதல் எல்லோரும் படிக்கும்படி வெளியில் கிடக்கிறது, அதை வைத்து யார் வேண்டுமானாலும் பாடம் தயாரித்து விற்கலாம். அது ஏஹெச்ஏ நடத்தும் கோர்ஸ் ஆகிவிடாது. நிஜமான இ-கார்டில் ஒரு எண்ணும் க்யூஆர் குறியும் இருக்கும், வேலை கொடுப்பவர் ஏஹெச்ஏ தளத்தில் போட்டுப் பார்த்தால் கார்டு நிஜமா இல்லையா என்று தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டு இன்டர்வியூ எல்லாம் நல்லபடியாக முடிந்து, கடைசியில் இந்தச் சரிபார்ப்பில் போய் நின்றது. அவள் கொடுத்த காசும் போனது, சேர வேண்டிய தேதியும் தள்ளிப்போனது.

இதைச் சொல்வதால் ஆன்லைன் படிப்பே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடப் பகுதி ஆன்லைனுக்கு வந்தது நம்மைப் போன்ற ஆட்களுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. நைட் டூட்டி முடித்துக் கண் எரிய எரிய நேராக வகுப்பில் போய் உட்கார்ந்து, அரை நாள் ஸ்லைடு பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பொம்மையை முப்பது பேர் சுற்றி நின்று ஆளுக்குக் கொஞ்ச நேரம் தொட்டுவிட்டு வருகிற வகுப்புகளை எத்தனையோ பார்த்திருக்கிறோம். வீட்டில் படித்துவிட்டுப் போனால் மையத்தில் இருக்கும் நேரம் முழுக்க பொம்மைக்குத்தான். ஏசிஎல்எஸ்ஸுக்கு இது இன்னும் முக்கியம். ரிதம் ஸ்ட்ரிப்பை, அதாவது இதயத்துடிப்பின் ஈசிஜி வரைபடத்தை, நிறுத்தி, பெரிதாக்கி, திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இதயத்தின் மின்னோட்டம் தடைபடும் இரண்டாம் டிகிரி பிளாக்கில் டைப் ஒன்றா டைப் இரண்டா என்று அந்த வரைபடத்தின் பிஆர் இடைவெளியை நிதானமாக அளந்து பார்க்க வகுப்பில் யார் விடுகிறார்கள்? அட்ரினலின் 1 மி.கி. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, ஷாக்குக்கு அடங்காத விஎஃப்பில் (இதயம் சரியாகத் துடிக்காமல் வெறுமனே நடுங்கும் நிலை) அமியோடரோன் முதலில் 300 மி.கி., அடுத்து 150 மி.கி., இதெல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டிய விஷயம், பஸ்ஸில் போகும்போதுகூடப் படித்துக்கொள்ளலாம். வகுப்பில் எழுதும் பிஎல்எஸ் தேர்வில் 25 கேள்வி, தேற 84 சதவீதம் வேண்டும், அதாவது 21 சரியாக இருக்க வேண்டும். அதற்குப் பயப்படவே வேண்டியதில்லை, படித்துவிட்டுப் போனால் போதும்.

பயப்பட வேண்டியது நம் கையைப் பற்றி. 2019 ஜனவரி 31 முதல், பெரியவர் சிபிஆர் சொல்லித்தரும் எல்லா ஏஹெச்ஏ வகுப்பிலும் அளந்து சொல்லும் கருவி பொருத்திய பொம்மை கட்டாயம். இந்த ஒரு மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். முன்பெல்லாம் இன்ஸ்ட்ரக்டர் கண்ணால் பார்த்து 'நல்லா அழுத்துறீங்க சிஸ்டர்' என்று சொல்லிவிடுவார். இப்போது விளக்கு சொல்கிறது. ஆழம் குறைந்தது 5 செ.மீ., 6-ஐத் தாண்டக்கூடாது, வேகம் நிமிடத்துக்கு 100-லிருந்து 120. முதல் முப்பது நொடி யார் அழுத்தினாலும் விளக்கு பச்சையாகத்தான் இருக்கும். ஒரு நிமிடம் தாண்டியதும் பாருங்கள், முழங்கை லேசாக மடங்கும், தோள் பொம்மைக்கு நேர் மேலே இல்லாமல் பின்னால் சாயும், ஆழம் நாலரைக்கு இறங்கும். அழுத்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது, நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைப்பார். களைப்பு நமக்கு உறைப்பதற்கு முன்பே ஆழம் குறைந்துவிடுகிறது, அதனால்தான் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றச் சொல்கிறார்கள். 'எனக்கு இன்னும் தெம்பு இருக்கு' என்று கோட் ப்ளூவில் (நோயாளியின் இதயம் நின்றதும் எல்லோரையும் ஓடிவரச் சொல்லும் அவசர அழைப்பு) விட்டுக்கொடுக்காமல் நிற்கும் ஆட்கள் எல்லா வார்டிலும் உண்டு. அவர்களைப் பொம்மை முன்னால் நிறுத்தி அந்த விளக்கைக் காட்டினால் போதும்.

இன்னொன்று, கையை முழுக்க மேலே விடுவது. ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் மார்பு பழைய உயரத்துக்கு எழும்ப வேண்டும், அப்போதுதான் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வந்து நிரம்பும். களைத்தவர்கள் மார்பின் மேலேயே சாய்ந்துகொள்வார்கள். எத்தனை வீடியோ பார்த்தாலும் தான் சாய்வது ஒருவருக்குத் தெரியாது, கருவிதான் காட்டிக்கொடுக்கும்.

கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கும் அப்படித்தான். மாஸ்க்கை முகத்தில் பொருத்தி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல், மற்ற மூன்று விரலும் தாடை எலும்பின் அடியில் என்று படத்தில் பார்க்க ரொம்பச் சுலபம். சின்னக் கை உள்ள பெண்கள் நிஜமாகப் பிடித்துப் பார்த்தால் சுண்டுவிரல் காதுக்குக் கீழே இருக்கும் தாடை மூலைக்கு எட்டாது, காற்று கன்னத்துப் பக்கமாகக் கசியும். இரண்டு பேராகச் செய்யுங்கள், ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்கட்டும், இன்னொருவர் பேக்கை அமுக்கட்டும். ஒரு நொடியில் மார்பு லேசாக எழும்பினால் போதும். பதற்றத்தில் பேக்கை முழுசாகப் பிழிகிறவர்கள்தான் அதிகம், காற்று வயிற்றுக்குப் போய் வாந்தி மேலே வந்துவிடும், மார்புக்குள் அழுத்தம் ஏறி இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும்.

பயிற்சி மையத்தில்கூடச் சொல்லாத ஒன்று: அங்கே பொம்மை தரையில் இருக்கும், நம் நோயாளி மெத்தையில் இருப்பார். நாம் அழுத்தும் ஐந்து சென்டிமீட்டரில் ஒரு பங்கை மெத்தை வாங்கிக்கொள்ளும். படுக்கைப்புண்ணுக்காகப் போடும் காற்று மெத்தை என்றால் இன்னும் மோசம். அதில் சிபிஆர் என்று எழுதிய ஒரு வால்வு தொங்கும், இழுத்துவிட்டால் காற்று இறங்கிவிடும். உங்கள் வார்டில் அது கட்டிலின் தலைப்பக்கமா கால்பக்கமா என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். முதுகுக்கு அடியில் வைக்கும் பலகை அவசர மருந்து வண்டியான க்ராஷ் கார்ட்டின் பின்னால் மாட்டியிருக்கிறதா, ஏறி நிற்க ஸ்டூல் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். என் உயரத்துக்கு ஸ்டூல் இல்லாமல் கட்டிலில் நேராக அழுத்த முடியாது. நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

சரி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எதற்குத் திரும்பப் படிக்க வேண்டும், எல்லாம் அதே முப்பதுக்கு இரண்டு, அதாவது முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சுதானே என்று கேட்பவர்களுக்கு: அந்த முப்பதுக்கு இரண்டு 2005-இல் வந்தது, அதற்கு முன் பதினைந்துக்கு இரண்டு. மூச்சுப்பாதையை முதலில் பார்ப்பதை விட்டு அழுத்துவதை முதலில் வைத்தது 2010. 2025 அக்டோபரில் வந்த புதிய வழிகாட்டுதலில், தொண்டையில் ஏதாவது அடைத்து மூச்சுவிட முடியாமல் தவிக்கும் பெரியவருக்கு முதலில் முதுகில் ஐந்து தட்டு, அப்புறம் வயிற்றில் ஐந்து அழுத்தல், அடைப்பு வெளியே வரும்வரை, அல்லது அவர் நினைவிழக்கும்வரை, மாற்றி மாற்றிச் செய்யச் சொல்கிறார்கள். போன தடவை ஏஹெச்ஏ வகுப்பில் படித்தவர்கள் பெரியவருக்கு வயிற்று அழுத்தல் மட்டும்தான் படித்திருப்பார்கள். மருத்துவமனைக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இருந்த, அடுத்தடுத்து என்ன செய்ய வேண்டும் என்று காட்டும் உயிர்காப்புச் சங்கிலிகளையும் இப்போது ஒன்றாக்கிவிட்டார்கள். இனிமேல் ரினியூ செய்பவர்கள், பாடம் 2025 வழிகாட்டுதலின்படி இருக்கிறதா என்று மையத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஏஹெச்ஏ மட்டும்தான் வழி என்றும் இல்லை. இந்தியாவில் மயக்கவியல் மருத்துவர்கள் முன்னின்று நடத்தும் இந்தியன் ரிசசிடேஷன் கவுன்சில் 2017-இல் நம் நாட்டுக்கென்றே வழிகாட்டுதல்கள் வெளியிட்டது. பொதுமக்களுக்கு, வாயில் ஊதாமல் அழுத்துவதை மட்டும் சொல்லித்தரும் கோல்ஸ், மருத்துவமனைக்கு வெளியே முதலுதவி செய்யும் பயிற்சி பெற்றவர்களுக்கு பிசிஎல்எஸ், மருத்துவமனைக்குள் வேலை செய்பவர்களுக்கு சிசிஎல்எஸ். எந்தக் கார்டு வேண்டும் என்பதை வேலை கொடுப்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு பிறகு சேருங்கள். வாயால் 'ஏதாவது பிஎல்எஸ் போதும்' என்று சொல்லிவிட்டு, காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டும்போது இது செல்லாது என்பார்கள்.

இனி நான் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதப்போகிறேன். கார்டு கட்டாயம் என்று சுற்றறிக்கை போடும் மருத்துவமனைகளில் பல, அதற்கான கட்டணத்தையும் நாளையும் ஸ்டாஃப் தலையிலேயே கட்டிவிடுகின்றன. நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் தேதி குறித்துவிட்டார்கள், லீவு கிடையாது, காசு கிடையாது, கார்டு வராவிட்டால் இன்க்ரிமென்ட் நிற்கும். கட்டணம் ஆயிரக்கணக்கில் போகிறது, புதிதாகச் சேர்ந்த ஒரு ஸ்டாஃப் நர்ஸின் கையில் என்ன நிற்கிறது என்று நமக்குத் தெரியும், அதில் ஹாஸ்டல் போக ஊருக்கும் அனுப்ப வேண்டும். அவள் மலிவான பிடிஎஃப்பை வாங்கிவிட்டாள் என்றால் அவளை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபைலில் காகிதம் இருந்தால் போதும் என்று வைத்திருக்கும் நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும். நேரடியாக நோயாளியைப் பார்க்கும் எல்லோருக்கும் சிபிஆர் பயிற்சி கொடுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று என்ஏபிஹெச் எதிர்பார்ப்பது மருத்துவமனையிடம்தான். இன்-சார்ஜ் சிஸ்டர்களாக இருக்கும் என் தோழிகள் இதை மீட்டிங்கில் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

ஏனென்றால் கையில் பழகியது இரண்டு வருடம் தாங்காது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சிபிஆர் திறன் மங்கத் தொடங்கிவிடுகிறது என்று ஏஹெச்ஏவே சொல்கிறது. அதனால்தான் ஆர்க்யூஐ என்ற திட்டத்தில் மருத்துவமனைக்குள்ளேயே பொம்மையும் கணினியும் வைத்த ஒரு வண்டியை நிறுத்திவிட்டு, ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலை நேரத்திலேயே வந்து சில நிமிடம் செய்துவிட்டுப் போகும்படி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அவ்வளவு பெரிய ஏற்பாடு எல்லா இடத்திலும் நடக்காமல் போகலாம், ஆனால் இடுப்புவரை உள்ள ஒரு பொம்மையை ஐசியூ ஓரத்தில் வைக்க முடியாத மருத்துவமனை என்று எதுவும் இருக்க முடியாது. ஷிஃப்ட் மாறும்போது செய்யும் ஹேண்டோவர் முடிந்ததும் ஆளுக்கு இரண்டு நிமிடம், பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொடுத்தால் போதும். எங்கள் யூனிட்டில் இதைத் தொடங்கியபோது மருத்துவர்களும் வந்து அழுத்திவிட்டுப் போனார்கள், வார்டு அட்டெண்டர் அண்ணன்களும் கற்றுக்கொண்டார்கள். கோட் ப்ளூவில் பலகையைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவருவது இப்போது அவர்கள்தான்.

பயிற்சிக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். புடவை வேண்டாம், முட்டி போட்டு உட்கார வசதியான சுடிதார் அல்லது ஸ்க்ரப்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வளையலைக் கழற்றி வைத்துவிடுங்கள். முதுகுவலி இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ இன்ஸ்ட்ரக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கார்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே போனில் அலாரம் வையுங்கள், கடைசி வாரத்தில் மையத்தில் இடம் கிடைக்காமல்தான் பலர் அந்த விளம்பரங்கள் பக்கம் போகிறார்கள்.

அப்புறம் பெயர். நமக்கு இனிஷியல் பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், நர்சிங் கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷனில் ஒற்றை எழுத்து இருக்கும், ஆன்லைனில் பதியும்போது அவசரத்தில் வெறும் பெயரை மட்டும் அடித்துவிடுவோம். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல அப்படியே பதியுங்கள். இ-கார்டு மெயில் சில நேரம் ஸ்பாமில் போய் விழுந்திருக்கும், அதைத் தேடி எடுத்துத் திறந்து பெயரையும் தேதியையும் சரிபாருங்கள். எழுத்துப்பிழை இருந்தால் அன்றைக்கே மையத்துக்கு எழுதித் திருத்தி வாங்கிவிடுங்கள்.