வீட்டுக் கணினி மந்தமாகாமல் இருக்க

விண்டோஸ் கணினி நாளடைவில் மந்தமாவதற்கு ஒரு முக்கியக் காரணம், நாம் நிறுவும் செயலிகளில் பலவும், நம்மைக் கேட்டும் கேளாமலும், கணினி தொடங்கும்போதே தாமும் தொடங்கிக்கொள்வதுதான். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும் டாஸ்க் மேனேஜரில், ஸ்டார்ட்அப் பகுதிக்குச் சென்று, தேவையற்றவற்றை முடக்கிவிடலாம். இதனால் அந்தச் செயலிகள் அழிவதில்லை, நாம் திறக்கும்போது வழக்கம்போல் இயங்கும். வைரஸ் தடுப்பு மென்பொருளை மட்டும் தொட வேண்டாம்.

சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்த்து அடுக்கும் டீஃப்ராக் பற்றிப் பலருக்கும் குழப்பம் உண்டு. சுழலும் தட்டுகளைக் கொண்ட ஹார்ட் டிஸ்க்கில் கோப்புகள் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடந்தால், அவற்றைப் படிக்கும் முனை அங்குமிங்கும் அலைய நேர்வதால், டீஃப்ராக் அங்கே உண்மையாகவே பயன் தரும். மின்னணுச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலோ நகரும் பாகமே இல்லை. நீக்கப்பட்ட கோப்புகளின் இடம் காலியாகிவிட்டது என்பதை, ட்ரிம் என்னும் கட்டளை வழியாக விண்டோஸே அதற்குத் தெரிவித்துவிடுகிறது. வேறு மென்பொருளைக் கொண்டு அதை அடிக்கடி டீஃப்ராக் செய்வது, எழுதும் அளவுக்கு வரம்புள்ள அதன் ஆயுளை வீணாக்குவதாகும்.

விண்டோஸும் செயலிகளும் தம் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களில் எனக்கு நம்பிக்கையில்லை. மைக்ரோசாஃப்ட்டும் அவற்றை ஆதரிப்பதில்லை.

பலரும் மறப்பது தூசியை. விசிறியிலும் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளிலும் அது படிந்தால், ப்ராசஸர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என் வீடு சாலையோரத்தில் இருப்பதால், இதை நான் தள்ளிப்போடுவதில்லை. கணினியை அணைத்து, மின் இணைப்பைத் துண்டித்து, விசிறி சுழலாதபடி பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதினால் போதும்.