லைட் பிடித்த காலம்

கனடாவில் கல்யாணப் படம் எடுக்கும் தொழிலுக்குள் நுழைய வருபவரிடம் முதலில் அவர் வைத்திருக்கும் கமராவைப் பற்றித்தான் விசாரிப்பார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். ஸ்காபரோவில் எனக்கு முதல் வேலை தந்த அண்ணை விசாரித்தது என் வாகன ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி. ஒன்ராறியோவில் எழுத்துத் தேர்வில் தேறியதும் கிடைக்கும் ஜி1 உரிமத்துடன் ஒருவர் தனியாக வாகனம் ஓட்ட முடியாது; வீதித் தேர்விலும் தேறி ஜி2 பெற்ற பின்னர்தான் பக்கத்தில் யாரும் இல்லாமல் 401 நெடுஞ்சாலையில் ஏறலாம். பெண் வீடு பிக்கரிங்கிலும் மாப்பிள்ளை வீடு மிசிசாகாவிலும் மண்டபம் மார்க்கத்திலும் இருக்கின்ற ஒரு சனிக்கிழமையில், விடியற்காலையில் லைட் ஸ்டாண்டுகளையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு நேரத்துக்கு வந்து நிற்கக்கூடிய ஒருவர், நல்ல படம் எடுக்கத் தெரிந்தும் பேருந்தை நம்பியிருக்கும் ஒருவரை விடப் பயன்படுவார் என்பது, இந்தத் தூரங்களை ஒருமுறை ஓடிப் பார்த்தால் விளங்கிவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோ ஒன்றில் வேலை பார்த்த அனுபவம் எனக்கு இருந்தது. வந்த புதிதில் அதை முன்வைத்து, கண்ணில் பட்ட படப்பிடிப்பாளர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் எழுதினேன். பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. இன்று அதே போன்ற கடிதங்கள் எனக்கு வருகின்றபோது அதன் காரணம் தெரிகிறது. "உங்களிடம் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்" என்று எழுதுகிறவர், வாரம் முழுவதும் படங்களைத் தெரிவு செய்து, நிறம் திருத்தி, அல்பம் வடிவமைத்துக் களைத்திருக்கும் ஒருவருக்கு இன்னொரு வேலையைக் கொடுக்கிறார். எந்தெந்த வார இறுதிகளில் நான் ஓய்வாக இருக்கிறேன், என்னிடம் வாகனம் இருக்கிறதா, பாரம் தூக்குவேனா, கல்யாண வீட்டுப் பெரியவர்களோடு கதைத்து ஒரு குடும்பப் படத்துக்கு எல்லோரையும் வரிசையில் நிறுத்தத் தெரியுமா என்ற விபரங்களை மட்டும் ஐந்தாறு வரிகளில் எழுதத் தொடங்கிய பிறகுதான் தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்துப் படங்களை அண்ணை மாதக்கணக்கில் கேட்கவே இல்லை.

அவருடைய முதல் கட்டளை, "தம்பி, கமராவை வீட்டை வைச்சிட்டு வாரும்" என்பது. அப்போது அது எனக்கு உவப்பாக இருக்கவில்லை என்றாலும், கையில் கமரா இல்லாதவன்தான் மண்டபத்தை முழுமையாகப் பார்க்கிறான் என்று அவர் நம்பினார். பார்த்த அளவில் அவர் சொன்னது சரி. இங்குள்ள பெரிய விருந்து மண்டபங்களின் கூரை உயரமாகவும் பெரும்பாலும் இருண்ட நிறமாகவும் இருப்பதால், ஊரில் வெள்ளைச் சுவரிலும் முகட்டிலும் பிளாஷைத் தெறிக்க வைத்து மென்மையாக்கிய பழக்கம் இங்கே உதவாது. அதற்கு மேலாக, மணவறைக்குப் பின்னாலிருந்து ஊதாவும் நீலமுமாக நிறவிளக்குகளைப் பாய்ச்சுவார்கள். அது நேரில் அழகாகத்தான் இருக்கும், ஆனால் படத்தில் மணமகளின் முகத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். இவற்றை வெல்வதற்காக இரண்டு பிளாஷ்களை மணவறையின் இரு புறமும் ஸ்டாண்டுகளில் ஏற்றி, கம்பியில்லாத் தொடர்பில் இயக்குவோம். அவற்றில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வீடியோக்காரரின் சட்டகத்துக்குள் விழாமல், ஐயரின் பார்வையையும் மறைக்காமல், அண்ணை நகரும் திசைக்கு எதிர்ப்பக்கமாக நகர்வதுதான் என் வேலை. கூறைச்சேலையின் சரிகையும் கழுத்து நிறைந்த நகையும் நேரே விழும் வெளிச்சத்தில் வெள்ளையாகப் பொங்கிவிடும் என்பதையும், விளக்கை ஓரடி பக்கவாட்டில் தள்ளினாலே நகையின் வேலைப்பாடு தெளிந்து வரும் என்பதையும் ஸ்டாண்டைப் பிடித்தபடியேதான் கண்டுகொண்டேன்.

அடுத்த கதவைத் திறந்தது நான் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்த, ஒரு திறமை என்று அதுவரை நினைத்தே பார்த்திராத ஒன்று. இங்கே பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் பலர், தங்களுக்குப் பிடித்த பாணியில் படம் எடுக்கும் வேற்றினப் படப்பிடிப்பாளர்களை ஒழுங்கு செய்கிறார்கள். அவர்களின் ஒளி பற்றிய அறிவு என்னுடையதை விடப் பல மடங்கு பெரியது. ஆனால் மணவறையில் அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் சகோதரன் அவருடைய காலைக் கழுவுவதும், அதற்கு மாப்பிள்ளை மோதிரம் அணிவிப்பதும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூறையும் தாலியும் தட்டில் வைக்கப்பட்டு ஆசிக்காகச் சபையைச் சுற்றி வரும்போது, அதைத் தொட்டுக் கும்பிடும் அம்மம்மாவின் கை எந்த மேசையில் இருக்கிறது என்பதை முன்னரே அறிந்து வைத்திருக்க வேண்டும். மணமகள் கூறை மாற்றி வருவதற்கு எடுக்கும் இடைவெளியில் விளக்குகளை மாற்றி அமைக்கலாம் என்பதும், அவர் திரும்பி வந்த பிறகு விலகி நிற்க நேரமே இருக்காது என்பதும் எங்கள் ஆள் ஒருவருக்குத்தான் பழக்கமாக இருக்கும். கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கினால் உறவினர்கள் எழுந்து மணவறையைச் சூழ்ந்துகொள்வார்கள். அதன் பிறகு இடம் தேடுகிறவருக்குக் கிடைப்பது மாமாக்களின் முதுகுகள்தான்.

அப்படிப்பட்ட ஒரு படப்பிடிப்பாளரிடம், தமிழ்க் கல்யாணங்களுக்கு மட்டும் அவருக்குப் பக்கத்தில் நின்று அடுத்த சடங்கைச் சொல்லவும் விளக்குப் பிடிக்கவும் வருவதாகக் கேட்டேன், அன்றே சம்மதித்தார். அவரிடம் சில கல்யாணங்கள் கழிந்த பின்னர் இரண்டாவது கமராவும் என் கைக்கு வந்தது. மூத்தவர் தாலியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கணத்தில் பெண்ணின் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் இரண்டாவது கமராக்காரரின் கடமை. இரண்டு பேரும் ஒரே படத்தை எடுத்து வந்தால், ஒருவருக்குக் கொடுத்த சம்பளம் வீண்.

புதிதாக வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது நாட்காட்டி. கனடாவில் பொதுவாகக் கல்யாணப் பருவம் மே மாதத்திலிருந்து ஒக்டோபர் வரை என்று கணக்கு. அதன் உச்சத்தில், ஜூலை நடுப்பகுதியில் எங்களுக்கு ஆடி பிறந்து, ஓகஸ்ட் நடுப்பகுதி வரை தமிழ்ப் படப்பிடிப்பாளர்கள் பலர் சும்மா இருப்பார்கள். மறுபுறம், மற்றவர்கள் கமராவை உறையிலிட்டு வைத்திருக்கும் ஜனவரியில் தை பிறந்ததும் எங்கள் மண்டபங்கள் நிறையத் தொடங்குகின்றன. ஆகவே ஆடியில் வேற்றினத்தவரிடமும் தையில் தமிழரிடமும் என்று இரு பக்கமும் பழகி வைத்திருப்பவருக்கு ஆண்டு முழுவதும் கையில் வேலை இருக்கும். நான் பிரம்டனில் சீக்கியத் திருமணங்களுக்குப் போகத் தொடங்கியது ஓர் ஆடி மாதத்தில்தான். அங்கே குருத்வாராவுக்குள் காலணி கழற்றி, தலையை மூடிக்கொண்டு, தரையோடு தரையாக இருந்து படமெடுக்க வேண்டும். மணமக்கள் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாகிபை நான்கு முறை வலம் வருவதால், முதற் சுற்றில் தவறிய கோணத்தை அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம் என்ற ஆறுதல் உண்டு. எங்கள் தாலிகட்டு அந்தச் சலுகையைத் தருவதில்லை.

தை மாதத்து வேலைக்கு வேறு பழக்கங்கள் தேவை. உறைபனியில் வெளியே படம் எடுத்துவிட்டுச் சூடான மண்டபத்துக்குள் கமராவை அப்படியே கொண்டுவந்தால் லென்ஸ் முழுவதும் ஈரம் படிந்துவிடும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் உள்ளே வைத்திருந்துதான் திறக்க வேண்டும். குளிரில் பற்றரி விரைவில் சோர்ந்துபோகும் என்பதால் மேலதிகமானவற்றைச் சட்டையின் உட்பைக்குள் உடற்சூட்டில் வைத்திருப்போம். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுவதும், ஜனவரியிலும் பொழுது அதிகம் நீளாததும், மணமக்களை வெளியே அழைத்துப் போகும் நேரத்தை நண்பகலை ஒட்டியே அமைத்துவிடுகின்றன. ஸ்காபரோவின் கில்ட் பூங்காவில், இடிக்கப்பட்ட பழைய வங்கிக் கட்டடத்தின் தூண்களைக் கொண்டு அமைத்த திறந்த அரங்கின் முன் நிற்க எல்லா மணமக்களும் ஆசைப்படுவார்கள். அதற்கு நகரசபையிடம் அனுமதி பெற்றிருக்க வேண்டும், அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பதும் உதவியாளரின் பொறுப்பே.

பணத்தையும் உரிமையையும் பற்றிப் பேச எங்கள் ஆட்கள் கூச்சப்படுகிறார்கள். லைட் பிடிக்கும் முதல் சில நாட்களுக்குச் சாப்பாடும் பெற்றோல் காசும் போதும் என்று ஒருவர் ஒப்புக்கொள்வது வேறு. அவர் எடுத்த படங்கள் அல்பத்தில் ஏறத் தொடங்கிய பிறகும் அதையே கொடுப்பது சுரண்டல். பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் அதை நான் அனுபவித்திருக்கிறேன். பதிப்புரிமையும் இதனோடு சேர்ந்தது. கனடாவில் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்கு முன்னர், பணம் கொடுத்துப் படம் எடுப்பித்தவரே பதிப்புரிமையின் முதல் உரிமையாளராகக் கருதப்பட்டார். இப்போது அது எடுத்தவருக்கு உரியது. எடுத்தவர் சம்பளத் தொழிலாளியாக இருந்தால் உரிமை முதலாளிக்குப் போகும், சுயதொழிலாளியாக வந்து நிற்பவரிடமிருந்து எழுத்து மூலமாகத்தான் அதை மாற்றிக்கொள்ள முடியும். அதனால் அண்ணை என்னிடம் ஒரு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கினார்: படங்களின் உரிமை அவருக்கு, அல்பம் கொடுத்து முடிந்த பிறகு நான் தெரிவு செய்தவற்றை அவருடைய பெயரோடு என் தொகுப்பில் காட்டலாம், அவர் வேலை எடுத்த மண்டபத்தில் என் முகவரி அட்டையை யாருக்கும் நீட்டக் கூடாது. கடைசி நிபந்தனையை மீறித் தொழில் தொடங்கியவர்களை எனக்குத் தெரியும். அவர்களை அதன் பிறகு ஒருவரும் இரண்டாவது கமராவுக்குக் கூப்பிடவில்லை.

இப்போது என் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிவு செய்திருக்கிறேன். நான்கு காலாண்டுகளின் வருமானம் 30,000 டொலரைத் தாண்டினால் 13 வீத விற்பனை வரியை அறவிட்டுக் கட்ட வேண்டும் என்பதை நினைவூட்டியவரும் அண்ணைதான். தை பிறந்தால் அவரிடம் இன்னமும் இரண்டாவது கமராவுக்குப் போகிறேன். அவருக்கு முழங்கால் வலி கூடிவிட்டதால், மணவறைக்கு முன்னால் தரையில் இருந்து எடுக்க வேண்டிய படங்களெல்லாம் என் பங்கு. லைட் பிடிக்கச் சென்ற ஆண்டு வவுனியாவிலிருந்து வந்த ஒரு தங்கச்சி சேர்ந்திருக்கிறார், ஜி2 எடுத்துவிட்டார்.